தற்காத்தே பழகிய அணியைத் தாக்கி ஆட வைப்பது: எங்கிருந்து தொடங்குவது?

நடுவட்டம்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஓர் அமெச்சூர் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றேன். எனக்கு முன்பிருந்தவர் நான்கு ஆண்டுகள் அந்த அணியை நடத்தியவர். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எங்கள் லீக்கில் மிகக் குறைவாக கோல் வாங்கும் அணிகளுள் ஒன்றாக அதை வளர்த்தவர் அவர்தான். ஐந்து பேர் பின்வரிசையில், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், முன்களத்தில் ஒருவர். பந்து எதிரணியிடம் போனதும் அந்த ஒன்பது பேரும் நம் பெனால்டி பகுதியின் விளிம்பு வரை இறங்கிவிடுவார்கள். பந்தைப் பிடுங்கியவர் தலையை நிமிர்த்தாமல் நீளமாக உதைப்பார். தனியாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் எதிரணியின் இரண்டு சென்டர்பேக்குகளோடு (நடுத் தடுப்பாளர்களோடு) மல்லுக்கட்டி அதை இழப்பார். மீண்டும் எல்லோரும் இறங்கி நிற்பார்கள். தொண்ணூறு நிமிடமும் இதே கதைதான்.

நிர்வாகக் குழு என்னிடம் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: இந்த ஆண்டு கோல் அடிக்க வேண்டும். புதிய வீரர்களை எடுக்கப் பணம் இல்லை. லீக் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது, வாரத்துக்கு மூன்று பயிற்சி.

முதல் வாரமே நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். பலகையில் 4-3-3 (நான்கு தடுப்பாளர், மூன்று நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர்) வரைந்து, பின்வரிசை பதினைந்து மீட்டர் முன்னேறி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பயிற்சி ஆட்டத்தைத் தொடங்கினேன். பத்து நிமிடம் சொன்னபடி நின்றார்கள். பிறகு தலைக்கு மேல் ஒரு பந்து வந்தது, கோல் விழுந்தது. அதன்பின் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமலேயே வரிசை பழைய இடத்துக்குப் போய்விட்டது. அதில் ஒன்றை மட்டும் நெருக்கத்தில் பார்த்தேன், இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை: பந்து எங்கள் நடுக்கள வீரரின் காலில், யாரும் நெருக்காத நிலையில் இருக்கும்போதே, எங்கள் மூத்த சென்டர்பேக் இரண்டடி பின்னால் எடுத்து வைத்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

ஆகவே என் கேள்வி இதுதான். இத்தகைய அணியை மாற்றும்போது எதை முதலில் தொட வேண்டும்: பின்வரிசையின் உயரத்தையா (நம் கோலிலிருந்து எவ்வளவு முன்னேறி நிற்பது என்பதையா), நடுக்களத்தையா, முன்களத்தில் நிற்போரின் எண்ணிக்கையையா? இருக்கும் நல்ல தடுப்பாட்டத்தைக் கெடுக்காமல் இதைச் செய்ய முடியுமா?

பின்வரிசை:

நண்பர் நடுவட்டம் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும், அதற்கு ஆவணமே இருக்கிறது. இங்கிலாந்தின் ஆர்சனல் அணி 1995-96 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் 49 கோல் அடித்து 32 வாங்கியது. 1996 அக்டோபரில் ஆர்சென் வெங்கர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அந்தப் பருவத்தில் 62 அடித்து 32 வாங்கினார்கள். அடுத்த பருவத்தில் 68 அடித்து 33 வாங்கி லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தே வென்றார்கள். அடித்த கோல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது, வாங்கிய கோல் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்த அணியின் கோல்கீப்பர் சீமனும் பின்வரிசையின் டிக்சன், விண்டர்பர்ன், ஆடம்ஸ், போல்டு, கியோன் ஆகியோரும் முந்தைய பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம் காலத்து ஆட்கள். 1990-91இல் 38 ஆட்டங்களில் 18 கோல் மட்டுமே வாங்கிய மரபு அது. வெங்கர் அவர்களை வெளியே அனுப்பவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்ததைத்தான் மாற்றினார். பந்தைப் பிடுங்குவதிலும் முன்னோக்கிக் கொடுப்பதிலும் ஒருசேரத் தேர்ந்த வியேரா, எம்மானுவேல் பெட்டி என்ற இரு வீரர்கள் நடுவில் நின்றார்கள். ஓவர்மார்ஸின் வேகமும் ஏற்கெனவே அங்கிருந்த பெர்காம்பின் காலும் அதற்கு மேல்.

பணம் இல்லாத உங்களிடம் வியேராவைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் சுட்டுவது ஆட்களையன்று, மாற்றம் செய்த இடத்தை. பின்வரிசைக்கு முன்னால் நிற்பவர்கள் பந்தைப் பிடுங்கியதும் அடுத்த இரண்டு வினாடியில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உங்கள் அணியின் நோய் இருக்கிறது. பந்தைப் பிடுங்கியவர் ஏன் தலை நிமிராமல் உதைக்கிறார்? நிமிர்ந்தாலும் கொடுக்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்பது பேர் பெனால்டி பகுதியின் பதினாறரை மீட்டர் கோட்டின் அருகே நிற்கிறார்கள், பத்தாவது ஆள் நாற்பது மீட்டருக்கு அப்பால் நிற்கிறார். இடையில் இருப்பது வெறும் புல். கோல் வறட்சிக்குக் காரணம் அந்த வெற்றிடமே தவிர, துணிவின்மை அன்று.

ஆகவே முதல் இரண்டு வாரம் பின்வரிசையைத் தொடாதீர்கள். பழைய இடத்திலேயே நின்று தற்காக்கட்டும். மாற்றத்தை ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள்: பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து விங்கர் (ஓரமாக ஆடும் தாக்குதல் வீரர்) முழுவதும் இறங்கக் கூடாது, ஸ்ட்ரைக்கரிடமிருந்து பதினைந்து மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஒருவர் இறங்காமல் நிற்பதால் எதிரணியில் குறைந்தது ஒருவர், பெரும்பாலும் இருவர், அவரைக் காக்கப் பின்னால் தங்கியே ஆக வேண்டும். அதாவது, நம்மைத் தாக்க வருவோரின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதைத் தற்காப்பு வீரர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

பயிற்சியில் நான் பயன்படுத்துவது எளிய ஒன்று. நம் பாதியில் ஆறு பேர் தற்காக்க, எட்டுப் பேர் தாக்குவார்கள். பிடுங்கிய பந்தை எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டில் வைத்த இரண்டு வாயில்களில் ஒன்றின் வழியாக, தரையில், காலோடு கொண்டுபோக வேண்டும் அல்லது பாஸாகக் கடத்த வேண்டும். உயரத் தூக்கி உதைத்தால் பந்து எதிரணிக்கே திரும்பிப் போகும். முதல் நாள் பத்துக்கு எட்டு முறை தோற்பார்கள், பரவாயில்லை. பந்தைப் பிடுங்குவதற்கு முன்பே எங்கே கொடுப்பது என்று பார்த்து வைக்கும் பழக்கம் நான்காவது ஐந்தாவது பயிற்சியில் தானாக வரும்.

வீரர்கள் சமனுக்கே பழகிப்போயிருந்தால் ஒரு கணக்கையும் சொல்லலாம். வெற்றிக்கு மூன்று புள்ளி என்பதை இங்கிலாந்து லீக் 1981இலேயே கொண்டுவந்தது, உலகக் கோப்பைக்கு அது 1994இல் வந்தது. பத்து ஆட்டங்களையும் சமன் செய்தால் பத்துப் புள்ளி. நான்கை வென்று ஆறில் தோற்றால் பன்னிரண்டு. தோல்வி அவ்வளவு கொடியதல்ல என்று வாயால் சொல்வதைவிட இது நன்றாக உறைக்கும்.

ஓரக்கோடு:

பின்வரிசை அவர்களின் ஆர்சனல் கணக்கை மறுக்க முடியாது. ஆனால் அதே கதையின் மறுபாதியை அவர் விட்டுவிட்டார். 1997 டிசம்பரில் அந்த அணி சொந்த மைதானத்தில் பிளாக்பர்னிடம் 3-1 என்று தோற்றது. அதற்குப் பிறகு நடந்த அணிக் கூட்டத்தில், நடுக்களம் எங்களைக் காக்கவில்லை என்று பின்வரிசை வீரர்களே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார்கள். அதன் பின்னரே வியேரா-பெட்டி இணை இறுகியது. வெங்கரின் கையிலும் முதலாண்டிலேயே எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை.

என் கருத்து வேறு. பின்வரிசையைத் தொடாமல் இரண்டு வாரம் கடத்தினால், ஆறு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பந்து எங்கே பிடுங்கப்படுகிறது என்பதே எவ்வளவு தாக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. சொந்தப் பெட்டியருகே (பெனால்டி பகுதியருகே) பிடுங்கினால் எதிரணிக் கோல் எண்பது மீட்டர் தொலைவில் இருக்கும். நடுக்கோட்டருகே பிடுங்கினால் ஐம்பது. அந்த முப்பது மீட்டரை ஒவ்வொரு முறையும் பந்தோடு கடப்பதற்கான நுட்பம் அமெச்சூர் வீரர்களிடம் இருக்காது. மேலே பிடுங்கினால் அந்த நுட்பமே தேவைப்படாது. ஆக, வரிசை ஏறத்தான் வேண்டும். நடுவட்டம் அவர்கள் செய்த தவறு வரிசையை ஏற்றியதன்று, பதினைந்து மீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்லி ஏற்றியது.

வரிசையின் உயரம் நிலையான எண்ணாக இருக்கவே முடியாது. பந்தை வைத்திருப்பவரைப் பார்க்க வேண்டும். அவர் தலை குனிந்திருந்தால், நமக்கு முதுகு காட்டி நின்றால், அல்லது நம் ஆள் அவரை ஓரடி தூரத்தில் நெருக்கினால், வரிசை ஏறலாம். அவரால் நீளமாகக் கொடுக்க முடியாது. அவர் தலை நிமிர்ந்து, பந்து அவர் காலுக்கு முன்னால் ஓரடி தள்ளி, நெருக்க யாரும் இல்லாமல் இருந்தால், அவர் உதைப்பதற்கு முன்பே வரிசை திரும்பி ஓடத் தொடங்கிவிட வேண்டும். பத்தாவது நிமிடத்தில் உங்களுக்கு விழுந்த கோலை நினைத்துப் பாருங்கள்: அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவரை யாராவது நெருக்கினார்களா? இல்லை என்று பந்தயம் கட்டுவேன். அப்படியானால் அது பின்வரிசை வாங்கிய கோல் அன்று, முன்வரிசை வாங்கிய கோல்.

உயரமான வரிசையைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணி நல்ல பாடம். மொரின்யோ, நூனோ, கோண்டே என்று எச்சரிக்கையான பயிற்சியாளர்களுக்குப் பிறகு 2023இல் ஆங்கே போஸ்டகோக்லு வந்தார். முதல் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமன். பதினோராவது ஆட்டம் 2023 நவம்பர் 6 அன்று செல்சியுடன். ரொமேரோ, உடோகி இருவரும் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும், ஒன்பது பேரோடு, அவர்கள் வரிசையை நடுக்கோட்டருகே நிறுத்தினார்கள். கோல்கீப்பர் விக்காரியோ பெட்டிக்கு வெளியே ஓடி ஓடிப் பந்தை விலக்கினார். 75ஆவது நிமிடம் வரை ஆட்டம் 1-1 தான். முடிவு 4-1. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் டாட்டன்ஹாம் அடித்தது 70 கோல், போஸ்டகோக்லுவின் முதல் பருவத்தில் 74. இடையில், முந்தைய லீக் பருவத்தில் 30 கோல் அடித்த ஹாரி கேன் போய்விட்டார் என்பதைச் சேர்த்துக்கொண்டால் அது சாதனைதான். என்றாலும் பார்வைக்குத் தெரிந்த மாற்றத்தோடு ஒப்பிட்டால் அந்த நான்கு கோல் மிகச் சிறியது. இரண்டாம் பருவத்தில் 22 ஆட்டங்களில் தோற்று 17ஆம் இடம். அதே பருவத்தின் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், 2025 மே 21 அன்று பில்பாவோவில், முதல் பாதியில் அடித்த ஒரே கோலை இரண்டாம் பாதி முழுவதும் இறங்கி நின்று காத்து, மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்! தாக்குதலுக்கென்றே வந்தவருக்கும் இறங்கி நிற்கத் தெரிந்த அணி தேவைப்பட்டது. உங்கள் அணிக்கு அது ஏற்கெனவே தெரியும். அந்த வித்தையை மறக்கடிக்காமல், எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது என்பதை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

பழைய_நான்காம்_எண்:

பயிற்சியாளர்கள் இருவர் பேசிவிட்டார்கள். நான் பன்னிரண்டு ஆண்டுகள் சென்டர்பேக்காக ஆடியவன். பின்னால் எடுத்து வைத்த அந்த இரண்டடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோலை ஒட்டி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கோல்கீப்பரின் மூச்சே கேட்கும். பந்து தலைக்கு மேல் போனால் அவர் எடுத்துக்கொள்வார். நடுக்கோட்டருகே நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெறுமை. அதைப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் பந்து முன்னால் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டியவனுக்கு, தன் கால் இருபது வயது ஸ்ட்ரைக்கரின் காலோடு ஓடாது என்பது நன்றாகவே தெரியும். அவன் ஓடித் தோற்பதை மைதானம் முழுவதும் பார்க்கும். பெட்டிக்குள் நின்று கோல் வாங்கினால் பழி பத்துப் பேருக்குப் பிரியும். நடுக்கோட்டில் நின்று வாங்கினால் அவன் ஒருவனுக்கே. அந்த இரண்டடி இதிலிருந்துதான் வருகிறது.

என் கடைசிக் காலத்தில் புதிதாக வந்த ஒரு பயிற்சியாளர் எங்களையும் ஏறி நிற்கச் சொன்னார். இரண்டாவது ஆட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் கோல் விழுந்தது. இடைவேளையில் எல்லோர் முன்னிலையிலும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பிறகு அவர் பலகையில் எங்கே கோடு வரைந்தாலும் என் கால் போகவில்லை. போகிற மாதிரி நடித்தேன் என்பதே உண்மை.

ஆகவே நடுவட்டம் அவர்களே, பயிற்சித் திட்டத்துக்கு முன்னால் அந்த மூத்தவரைத் தனியே அழைத்து, ஏறி நின்று முதுகுக்குப் பின்னால் வாங்கும் கோல் என் கணக்கில், இறங்கி நின்று வாங்கும் கோல் உங்கள் கணக்கில் என்று சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். அடுத்து, உங்கள் கோல்கீப்பரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வரிசை ஏறும்போது அவரும் ஏற வேண்டும். வரிசைக்கும் அவருக்கும் இடையிலுள்ள தூரம் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் போனால், அந்த மூத்தவர் தன் இரண்டடியை எடுத்தே தீருவார். கோல்கீப்பர் ஆட்டம் முழுவதும் வாய்விட்டுப் பேச வேண்டும். பின்னால் இருக்கிறேன், விடுங்கள் என்று ஒரு குரல் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

மற்றொன்று. தாக்குதல் என்றதும் எங்களைப் போன்றவர்களை மறந்துவிடாதீர்கள். 1998 மே 3 அன்று எவர்டனை 4-0 என்று வென்று ஆர்சனல் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தின் கடைசி கோலைப் பார்த்திருப்பீர்கள். சென்டர்பேக் போல்டு தூக்கிக் கொடுத்த பந்தை, இன்னொரு சென்டர்பேக்கான ஆடம்ஸ் ஓடிப்போய் மார்பில் வாங்கி இடது காலால் அடித்தார்.

நடுவட்டம்:

மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், அதற்குள் ஒரு நட்பு ஆட்டமும் ஆடிவிட்டோம்.

ஓரக்கோடு அவர்கள் பந்தயத்தில் வென்றுவிட்டார். அந்தப் பயிற்சி ஆட்டத்தை ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்தார், பார்த்தேன். பந்தைத் தூக்கிக் கொடுத்தவரைச் சுற்றி எட்டு மீட்டருக்கு எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. வீரர்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். முன்களத்தில் சலசலப்பு, பின்களத்தில் சிரிப்பு.

மூத்த சென்டர்பேக்கிடம் தனியே பேசினேன். முதலில் தோளைக் குலுக்கினார். கோல்கீப்பரைப் பெட்டியின் விளிம்பில் நிறுத்தப் போகிறேன் என்றதும், அதைத்தான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருவர் யோசனையையும் கலந்தே செய்தேன்: எதிர்ப்பக்க விங்கர் இறங்காமல் நிற்கிறார், வரிசை எண்ணைப் பார்க்காமல் பந்துக்காரரின் தலையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. நட்பு ஆட்டத்தில் 3-2 என்று தோற்றோம். இரண்டு கோலும் ஆட்டத்தின் போக்கில் அடித்தவை, கார்னரிலோ ஃப்ரீ கிக்கிலோ வந்தவை அல்ல. வாங்கிய மூன்றில் இரண்டு ஒரே மாதிரி விழுந்தன: எங்கள் இடது ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாளர்) கிராஸ் கொடுக்க, அதாவது ஓரத்திலிருந்து பெட்டிக்குள் பந்தை அனுப்ப, மேலே போயிருந்தார், பந்து வெட்டப்பட்டது, அவர் விட்டுவந்த இடத்தின் வழியாகவே எதிரணி வந்தது. அவரை இனிமேல் போக வேண்டாம் என்று தடுப்பதா? எங்கள் தாக்குதலில் பாதி அவர் காலில்தான் இருக்கிறது.

பின்வரிசை:

தடுக்காதீர்கள். அவர் போகும்போது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சரிசெய்யுங்கள். கிராஸ் கொடுக்கப்படும் அந்த நொடியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். வலது ஃபுல்பேக்கும் மேலேறிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். இடதுபுறம் போனால் வலதுபுறம் தங்க வேண்டும், அதுவும் தன் ஓரக்கோட்டை ஒட்டியில்லாமல், உள்ளே வந்து இரண்டு சென்டர்பேக்குகளோடு மூன்றாம் ஆளாக நிற்க வேண்டும். அந்த மூவருக்கு முன்னால் நடுக்கள வீரர் இருவர், பெட்டிக்குள் நுழையாமல், வெளியே இருபது மீட்டர் தொலைவில். வெட்டப்படும் பந்து பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும். அதை அவர்கள் எடுத்துவிட்டால் எதிர்த்தாக்குதலே இல்லை, நமக்கு இரண்டாவது கிராஸ் கிடைக்கிறது. இப்படி ஐந்து பேர் பின்னால் இருக்க, ஐந்து பேர் தாக்கலாம். பழைய கணக்கில் ஒருவர்தானே தாக்கினார்.

இழந்த பந்தை முதல் ஐந்து வினாடி அருகிலிருப்பவர் நெருக்கட்டும். பிடுங்க முடியாவிட்டாலும், எதிரணி முன்னோக்கி உதைக்க முடியாமல் ஒரு முறை திரும்பிக் கொடுத்தாலே உங்கள் இடது ஃபுல்பேக் வந்து சேர்ந்துவிடுவார். அடுத்த நட்பு ஆட்டத்தையும் படமெடுத்து வையுங்கள். இந்த முறை கைப்பேசியைக் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம் பக்கவாட்டிலிருந்தும் தெரியும், ஆனால் ஓரங்களில் யார் யார் ஏறிவிட்டார்கள் என்பது கோலுக்குப் பின்னாலிருந்துதான் தெளிவாகத் தெரியும்.